பேட்டரி கழற்றிய போன் கேட்ட கேள்வி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கொடைக்கானல் பஜாரில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். "அண்ணே, தானா லைட்டு எரியுது, யாரோ செய்வினை வச்சிட்டாங்க" என்று போனைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். திறந்து பார்த்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கும், அவ்வளவுதான். அதனால் நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

என் மனைவி முத்துலட்சுமி பிரசவத்துக்காக ஆடலூரில் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். அப்போது மலைக் கிராமத்துக் கர்ப்பிணிகளைப் பற்றி ஏதோ ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்களின் போனில் ஒரு ஆப் போட்டுவிடுவார்கள். ஒரு நாளைக்கு நான்கு தடவை, எப்போது என்று சொல்லாமல் மணி அடிக்கும். 'உங்களுக்கு இப்போது தலைவலி இருக்கிறதா?' என்று கேட்கும். 'ஆம்' என்று அழுத்தினால் நர்ஸ் உடனே கூப்பிட்டு விசாரிப்பார். நல்ல ஏற்பாடுதானே என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

எட்டாவது மாதம் ஒருநாள் பேசும்போது சொன்னாள். "ஏங்க, இந்த மணி அடிக்கவே மாட்டேங்குது. தலை வேற ரெண்டு நாளா ஒரே வலியா கெடக்கு."

சீசன் நேரம், கடையில் கூட்டம். பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று சில போன்கள் இப்படி ஆப்பை அமுக்கிவிடும். எங்கே போய் எதை மாற்ற வேண்டும் என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கலாம். "பிரபுகிட்ட சொல்லு புள்ள, எனக்குச் சோலி கெடக்கு" என்று வைத்துவிட்டேன். பிரபு அந்த ஆராய்ச்சிக்காக ஊர் ஊராகப் போய் இதையெல்லாம் கவனிக்கிறவன், செண்பகனூரில் ஒரு வாடகை அறையில் இருந்தான். அவளும் சொல்லியிருக்கிறாள். "நான் பாத்துக்கிறேன்க்கா" என்றிருக்கிறான்.

அவன் பார்த்துக்கொண்ட லட்சணம் அவள் போன பிறகுதான் தெரிந்தது. ரத்தக் கொதிப்பு ஏறி, வலிப்பு வந்து, ஜீப்பில் கொண்டுபோகிற வழியிலேயே தாயும் வயிற்றுப் பிள்ளையும் போய்விட்டார்கள். காரியமெல்லாம் முடிந்து அவள் போனைத் திறந்து பார்த்தேன். கடைசி ஒன்பது நாள் ஒரு மணிகூட அடிக்கவில்லை. ஆனால் ஒரு நாளைக்கு நான்கு பதில் தவறாமல் போயிருக்கிறது, எல்லாமே 'இல்லை', எல்லாமே பிரபுவின் போனிலிருந்து. பதில் குறைந்தால் மேலே திட்டுவார்கள் என்று, ஆடலூர்ப் பக்கமே போகாமல், அறையில் உட்கார்ந்தபடி அவள் பெயரில் அந்த நாய் அழுத்தியிருக்கிறான். அவள் செத்த பிறகும் இரண்டு நாள், தலைவலி இல்லை என்று போட்டிருக்கிறான்.

இவனைச் சும்மா விடக்கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். பதில்களையெல்லாம் என் போனில் படம் பிடித்துக்கொண்டு, அந்த ஆப் இனி வாயே திறக்கக் கூடாது என்கிற ஆத்திரத்தில் அவள் போனின் பேட்டரியைக் கழற்றி எறிந்தேன். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தோள்பைக்குள் ஒரு ஸ்பேனரும் வைத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும், நல்ல மூட்டம்.

கதவைத் திறந்தவன் என்னைப் பார்த்ததும் வெளிறிப்போனான். "அண்ணே, வேணும்னு செய்யலண்ணே" என்று ஆரம்பித்தான். ஸ்பேனரை எடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவன் மேல் என் விரல்கூடப் படவில்லை. திடீரென்று தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணே, தலை வெடிக்குது... கண்ணு தெரியல... வெரசா யாரையாச்சும் கூப்புடுங்கண்ணே."

அப்போது என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. என் போன் பேண்ட் பையில் இருக்கிறது. நம்பினால் நம்புங்கள், பேட்டரி இல்லாத அவள் போனில்தான் திரை எரிந்துகொண்டிருந்தது. 'அவருக்கு இப்போது தலைவலி இருக்கிறதா?' என்று கேட்டது. உங்களுக்கு என்றில்லை, அவருக்கு என்று.

எனக்குப் பயமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். "வந்துட்டியா புள்ள" என்று வாய்விட்டே சொன்னேன். அவனைப் பார்த்துக்கொண்டே 'இல்லை' என்று அழுத்தினேன். 'நன்றி' என்று வந்து திரை அணைந்தது. கதவைச் சாத்திவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர் பார்த்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாராம். உயிர் பிழைத்துக்கொண்டான், ஆனால் இரண்டு கண்ணும் போய்விட்டது. கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் பார்வை தப்பியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். எனக்கு அவன் மேல் இன்றைக்கும் இரக்கம் கிடையாது. முத்துலட்சுமி பழி வாங்கிவிட்டாள் என்றுதான் கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

ஒன்றை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்த ஆப்பில் 'ஆம்', 'இல்லை' இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே அளவில்தான் இருக்கும். அன்றைக்குத் திரை முழுக்க 'ஆம்'தான் இருந்தது. 'இல்லை'யை நான் தேடித்தான் கண்டுபிடித்தேன், கீழே ஓரத்தில், நகத்தால் அழுத்த வேண்டிய அளவுக்குச் சின்னதாக இருந்தது.