புளி போட்டு விளக்கிய நாயக்கர் காசு

டிரங்குப் பெட்டியில் கிடைத்த நாயக்கர் காலத்துச் செம்புக்காசைத் தரம் பார்த்து மார்க் போடும் மும்பைக் கம்பெனிக்கு அனுப்பியிருந்தேன். இன்று பிளாஸ்டிக் டப்பாவில் சீல் வைத்துத் திரும்பி வந்தது.

மார்க் இல்லை. ‘தேய்த்துக் கழுவப்பட்டது’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் பழங்காசு வாங்குகிறவரிடம் காட்டினேன்.

"காசு அந்தப் பழைய கறுப்போட இருந்திருந்தா நல்ல வெல போயிருக்கும் சார். இப்ப நீங்க கட்டுன பீஸுகூடத் தேறாது."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன்.

"ஆமா, நான்தான் புளி போட்டு விளக்கினேன். வெளியூருக்குப் போற பொருள அழுக்கோடவா அனுப்புவாங்க? நம்ம மானம் இன்னா ஆவுறது?"

முந்நூறு வருடக் கறுப்பு, எலுமிச்சை அளவு புளியில் போய்விட்டது.

இப்போது டப்பா பூஜையறையில், குங்குமப் பொட்டோடு இருக்கிறது. வெள்ளிக்கிழமை பிளாஸ்டிக்கை எதைப் போட்டு விளக்குவது என்று கேட்கிறாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.