டின் வளையத்தின் சத்தம்

ஒடெட் பூலியோ எங்கள் ஊரில் இருபத்தெட்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஓய்வு பெற்றதும் உலோகம் தேடும் கருவி ஒன்றை வாங்கி, அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்து மண்ணையெல்லாம் தடவிப் பார்க்கத் தொடங்கினாள். பைத்தியம் முற்றிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் அவளுடைய அம்மா வீட்டு நிலவறையின் மண் தரைக்குக் கான்கிரீட் போடப் போனேன். பதினோரு மணிக்குக் கலவை வண்டி வரும். உள்ளே இவள் கருவியோடு நிற்கிறாள்.

தேடியது அம்மாவின் கல்யாண மோதிரத்தை. அம்மா இறந்த அன்று விரலில் அது இல்லை. கடைசிவரை கூட இருந்தவள் ஒடெட். "நீதான் எடுத்தே" என்று அக்கா லூசில் சொல்லிப் பத்தொன்பது வருடமாகிறது. நிலவறையில் உருளைக்கிழங்கு எடுக்கும்போது மெலிந்த விரலிலிருந்து நழுவியிருக்கும் என்பது ஒடெட்டின் கட்சி.

முன்பு மூன்று முறை தேடியும் கிடைக்காததற்குக் காரணம் அவளேதான். அப்பா அங்கே உட்கார்ந்து பீர் குடித்து, டின் திறக்கும் வளையங்களை மண்ணிலேயே எறிந்தவர். அந்தத் தொல்லை வேண்டாமென்று உலோகத்துக்கு ஏற்பச் சத்தம் மாறும் அந்தக் கருவியில் வளையத்தின் சத்தத்தை மட்டும் அடைத்துவிட்டுத் தேடியிருக்கிறாள். தங்க மோதிரமும் அதே சத்தம்தான் போடும். ஊரெல்லாம் தேடத் தெரிந்தவளுக்குச் சொந்த வீட்டில் அது உறைக்கவில்லை.

அடைப்பை எடுத்ததும் தரை முழுக்கக் கத்தியது. நாற்பத்தொரு வளையம் தோண்டினாள். எனக்கும் கை பரபரத்தது. கிழங்கு கொட்டிவைத்த மூலையில் மறுபடி சத்தம். மண்வாரியை எடுத்தேன்.

"கை வைக்காத லைல். அக்காவைக் கூப்பிடு."

"வண்டி வந்துடும். நீயே தோண்டிப் பாரேன்."

"நான் எடுத்தா, பொட்டியில வச்சிருந்து இப்பப் புதைச்சேன்னு சொல்வா. அவளே எடுக்கட்டும்."

தெருக்கோடியிலிருந்து லூசில் வந்தாள். தோண்டிக் குவித்த வளையங்களைப் பார்த்தாள்; தங்கையைப் பார்க்காமல் என்னிடம் கேட்டாள். "மறுபடியும் டின்னா?"

"தோண்டு. டின்னா இருந்தா நான்தான் எடுத்தேன்னு வச்சுக்கோ" என்றாள் ஒடெட்.

லூசில் மண்டியிட்டுத் தோண்டினாள். வந்தது டின் வளையம். அவள் உதட்டில் சிரிப்பு ஏறியது. ஒடெட் கருவியைக் குழிக்கு மேல் நீட்டினாள். மறுபடி சத்தம். லூசில் கையாலேயே மண்ணைப் பறித்தாள். மோதிரம் மஞ்சளாக வெளியே வந்தது.

மேலே வண்டி ஹாரன் அடித்தது.

"ஊர் முழுக்கச் சொல்லிட்டேனே, ஒடெட்."

"இப்ப இதையும் சொல்லு. மொதல்ல லைல்கிட்ட சொல்லு."

லூசில் மண்டியிட்டபடியே என் பக்கம் திரும்பினாள்.

"என் தங்கச்சி எடுக்கல" என்றாள்.