வெலிஸ்காவைக் கதையை விட்டுத் துரத்தியவள்

பாகீரதி பொறாமைக்காரி. வங்காளத்தில், அலிப்பூரில் ஒரு அரசு அலுவலகத்தில் முப்பது வருடமாக ஃபைல் பார்க்கிறாள். அங்கே யாருக்குப் பதவி உயர்வு வந்தாலும் வாய் நிறைய வாழ்த்துவாள். பொறாமையெல்லாம் கணவர் மஹாதேவன் விஷயத்தில்தான். அதிலும் அவள் ஒரு ரத்தக்காட்டேரியைப் பார்த்து வயிறு எரிந்தாள் என்றால் யார் நம்புவார்கள்? நான் நம்புவேன். அவள் என் அக்கா.

கல்யாணத்துக்கு முன்பே அவள் உயிரை விட்டுப் படித்தது, ஆறு பாகம் கொண்ட ஒரு ஆங்கிலக் காட்டேரிக் கதை. அத்திம்பேருக்குச் செய்தித்தாளுக்கு மேல் ஆங்கிலம் படிக்கப் பொறுமை கிடையாது. அதனால் டாக்குரியா ஏரிக்கரையில் மாலையில் நடக்கும்போது அக்கா அதைத் தமிழில் சொல்லுவாள். ஆறு பாகமும் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. அவருக்கு அலுத்ததே இல்லை.

அதில் ஒரே ஒரு திருட்டுத்தனம் செய்தாள். கதையில் காட்டேரிப் பிரபுவுக்கு இரண்டு காதலிகள். ஒருத்தி ஆன், சாது. இன்னொருத்தி வெலிஸ்கா, காட்டேரியேதான். பெரிய கண், நல்ல குரல், வாய்த்துடுக்கு. கல்யாணமான புதிதில் அத்திம்பேர், தன் வங்கியில் நன்றாகப் பாடும் பெரிய கண்காரி ஒருத்தியைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெலிஸ்காவைப் பூண்டோடு ஒழித்துவிட்டாள். ஆனால் கதை நகர வேண்டுமே? வெலிஸ்கா செய்ததையெல்லாம் ஆன் செய்ததாகச் சொல்லிவிட்டாள்.

இந்த வருடம் அந்தக் கதை டிவியில் தொடராக வந்தது, தமிழ்க் குரலோடு. சனிக்கிழமை மாலை ஒரு பகுதி. முதல் பகுதியிலேயே வெலிஸ்கா பாடிக்கொண்டு படியிறங்கினாள். அத்திம்பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாருடி இவ? நீ சொன்னதே இல்லையே?"

"டிவிக்காரா சேர்த்திருப்பா. ஜனங்க பாக்கணுமே."

"நன்னாத்தான் சேர்த்திருக்கா."

அந்த வாரம் முழுக்க அக்கா எனக்குப் போன் போட்டு, நடிகையின் மூக்கு கோணல், வயது நாற்பதுக்கு மேல் என்று பொருமித் தள்ளினாள். கூடவே பயம் வேறு. பொய் தெரிந்துவிட்டால், இனி ஏரிக்கரையில் அவள் கதையை அவர் நம்பிக் கேட்பாரா?

நாலாவது வாரம் நானும் அங்கே இருந்தேன். எதிர் ஃப்ளாட் சோமா பௌதி பொரியும் சனாச்சூர் மிக்ஸரும் கலந்த கிண்ணத்தோடு வந்தாள். வங்காளிகளுக்கு அண்ணி பௌதி, அண்ணன் தாதா. அவளும் அந்தப் புத்தகங்களைப் படித்தவள் என்பது அக்காவுக்குத் தெரியாது. வெலிஸ்கா பனி கொட்டும் பாலத்தில் பிரபுவுக்காகக் காத்திருந்தாள்.

அத்திம்பேர் அவளிடம் வங்காள மொழியில், "இவளை டிவிக்காரர்கள் சேர்த்திருக்கிறார்களாம்" என்றார்.

"ஓ மா! புத்தகத்தில் பாதி இவள்தானே, தாதா!" என்றாள் பௌதி.

அக்கா கிண்ணத்திலிருந்த பச்சை மிளகாயை அப்படியே கடித்தாள். அத்திம்பேர் அவளைத் திரும்பிப் பார்த்தார். கத்தப் போகிறார் என்று நினைத்தேன்.

"அப்போ பாலத்துல நின்னது ஆன் இல்லையா?"

"இல்ல."

"ரயில்ல பிரபுவை அறைஞ்சது?"

"இவதான்."

"அந்தத் தாலாட்டு?"

"அதுவும் இவதான். எல்லாம் இவதான். போறுமா?"

அவர் முகத்தில் கோபமே இல்லை. மலர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

"அப்படின்னா இத்தனை வருஷமா எனக்குப் பிடிச்சது இவளைத்தானா!" என்று சொல்லி, நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அக்கா யாரைத் திட்டுவாள்? இருபத்தைந்து வருடமாகத் தினமும், ஆன் என்ற பெயரில், வெலிஸ்காவை ஏரிக்கரையில் அவருக்குப் பக்கத்தில் நடக்க வைத்தவளே அக்காதான்.