மைதானத்துக்காக எழுதிய மனு

எங்கள் கால்பந்து அணியின் மைதானத்தை யாரும் எங்களிடமிருந்து பிடுங்கவில்லை. நாங்களேதான் தொலைத்தோம். இன்னும் சரியாகச் சொன்னால் நான்தான் தொலைத்தேன். நாற்பது பேர் சொன்னார்கள், நான் ஒருவன் எழுதினேன். எழுதியவன் மேல்தானே பழி நிற்கும்? நிற்கட்டும். இரண்டு வருஷமாக அதைச் சுமந்துகொண்டுதான் திரிகிறேன்.

மைதானம் என்றதும் புல்தரையை நினைத்துவிட வேண்டாம். ஆமத்தூரிலிருந்து சிவகாசிக்குப் போகிற வழியில், ஒரு பட்டாசு ஆலையின் சுற்றுச்சுவரை ஒட்டிக் கிடந்த புறம்போக்குக் கரிசல் அது. கோடையில் பாளம் பாளமாகப் பிளந்து கிடக்கும். ஒரு மழை பெய்தால் பந்து சேற்றில் அப்பிக்கொண்டு நகராது. தெற்கே நல்ல சரிவு. மேற்கே சீமைக்கருவேல முள். பந்து அந்தப் பக்கம் போனாலே எல்லோரும் தலையில் கை வைத்துவிடுவோம். இந்தப் பொட்டலுக்கா இப்படி மாரடிக்கிறாய் என்று என் வீட்டில் கேட்காத நாள் இல்லை. கேட்பவர்களுக்கு என்ன, அவர்கள் அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நின்றதில்லை.

நான் விளையாடியவன் அல்ல. பத்தடி ஓடினால் மூச்சு வாங்கும். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் டைரி, காலண்டர்களுக்குப் பிழை திருத்துவது என் வேலை. நாலு வரி பிழையில்லாமல் எழுதுவான் என்று என்னை அணிக்குச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். ஆட்டக்காரர் பட்டியல் எழுதுவது, பக்கத்து ஊர் அணிகளைக் கூப்பிடுவது, கோடு போடச் சுண்ணாம்பு வாங்குவது, தோற்றால் எல்லோரிடமும் திட்டு வாங்குவது. அதுதான் என் பதவி.

அணியில் பாதிப் பேர் பட்டாசு ஆலைக்காரர்கள், மீதிப் பேர் அச்சகமும் தீப்பெட்டியும். தீபாவளி சீசன் நெருங்கினால் ஞாயிறும் வேலை நாள்தான். மற்றபடி மூன்று மணிக்கெல்லாம் ஆலை வேனிலேயே வந்து இறங்கிவிடுவார்கள். எங்களுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. கோல் விழுந்தால் வெடி. நாங்கள் போட்ட கோலுக்கு ஒரு சரவெடி, எதிரணி போட்டதற்கு ஓர் ஒற்றை வெடி, மரியாதைக்கு. சாம்பிள் பார்க்கக் கொடுத்த சரக்கோ, திரி வளைந்ததென்று கழித்துப் போட்ட சரக்கோ யாராவது கொண்டுவந்துவிடுவார்கள். கொண்டுவந்த வெடியைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. அதனால் கோலே விழாத ஆட்டம் என்றாலும் கடைசி விசில் ஊதியதும் மொத்தத்தையும் கொளுத்திவிட்டுத்தான் கலைவோம். வெளியூர் அணிக்காரர்கள் வாய் பிளந்து பார்ப்பார்கள்.

அஜாக்கிரதையாக இருந்தோம் என்று மட்டும் சொல்லாதீர்கள், எனக்குக் கோபம் வரும். ஆலைக்குள் தீப்பெட்டி கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் உடம்பில் ஊறிய பழக்கம். மைதானத்திலும் எவன் பையிலும் தீப்பெட்டி இருக்காது. ஒரே ஒரு தீப்பெட்டி, அது நடுவரிடம் இருக்கும். ஒரு பையில் விசில், இன்னொரு பையில் தீப்பெட்டி. கோல் என்று அவர் ஊதினால்தான் அது வெளியே வரும். ஆஃப்சைடு என்றால் வராது. வெடிக்கிற இடத்தில் மணல் வாளியும் தண்ணீர்க் குடமும் வைத்திருப்போம். இப்படி ஒழுங்காக வெடிக்கிற ஊர் வேறு எங்கே இருக்கிறது என்று எங்களுக்குக் கொள்ளைப் பெருமை.

எங்கள் கோல்கீப்பரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், அவர் மனைவியை மதினி என்று. ரத்த உறவு ஒன்றும் இல்லை, ஒரே தெரு. அண்ணன் அப்படியொன்றும் பெரிய கோல்கீப்பர் அல்ல. தாவ வராது. ஆனால் பந்து எங்கே வரும் என்று தெரிந்து முன்கூட்டியே அங்கே போய் நின்றுகொள்வார். மதினி வாரம் ஆறு நாளும் ஆலையில் பெட்டி ஒட்டுவார். ஏழாவது நாள் கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்துவிடுவார். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறினால் மதினியும் சாக்கைச் சுருட்டிக்கொண்டு எதிர்க் கம்பத்துக்குப் பின்னால் போவார். பன்னிரண்டாவது ஆட்டக்காரி என்று கேலி செய்வோம். "ஆமா, ஒங்க பதினோரு பேத்துக்கு நான் ஒருத்தி தேவலை" என்பார்.

அண்ணன் ஓர் ஆலை விபத்தில் போய்விட்டார். அது வேறு பக்கம், வேறு ஆலை. மைதானத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மதினியை முகம் பார்க்க விடவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் ஆகாது.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதினி சின்ன மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, அதே சாக்கோடு வந்து கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்தார். முதல் பாதியிலேயே நாங்கள் ஒரு கோல் போட்டோம். நடுவர் பையில் கையை விட்டவர் விட்டபடியே நின்றார். மதினிதான் சொன்னார்: "போடுங்க. அவுக இருந்தா போடத்தான் சொல்லுவாக." அதன் பிறகு அவர் ஒரு ஞாயிறுகூடத் தவறவிட்டதில்லை. ஆட்டம் இல்லாத வாரத்திலும் மகளோடு வந்து அங்கே உட்கார்ந்துவிட்டுப் போவார் என்று வேன் டிரைவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பிறகு ஒரு நாள் மைதானத்தில் அளவைக் கல் நட்டிருந்தார்கள். பக்கத்து நிலத்துக்காரர் புறம்போக்கையும் சேர்த்து வளைத்துக் குடோன் கட்டப் போகிறார் என்று பேச்சு கிளம்பியது. மறுநாளே மதினி அச்சகத்து வாசலுக்கு வந்துவிட்டார். "தம்பி, கிரவுண்டு போயிராதுல்ல? எனக்கு வேற எங்கன போயி உக்காரன்னு தெரியல" என்றார்.

"போகாது மதினி. நான் இருக்கேன்ல?" என்றேன். என் வாய்க்கொழுப்பு.

தெரிந்தவர் ஒருவர் யோசனை சொன்னார். ஊர் ஜனம் வெகுகாலமாக அதை விளையாட்டுத் திடலாகப் புழங்கிவருகிறது என்று காட்டினால் திடலாகவே விட்டுவைக்க வழி உண்டாம். வெறும் மனுவாகக் கொடுக்காமல், அந்த இடத்தைப் பற்றி ஆளாளுக்கு மறக்க முடியாததை எழுதி வாங்கிச் சேர்த்துக் கொடுங்கள் என்றார். எனக்குச் சர்க்கரைப் பொங்கல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. இரண்டு வாரம் வேலை முடிந்ததும் வீடு வீடாக அலைந்தேன்.

என்னென்ன சொன்னார்கள்! கல்யாணத்தன்று பந்தியை விட்டு எழுந்து வந்து, பட்டு வேட்டியை மடித்துக்கட்டி இரண்டாம் பாதி ஆடியவன் தன் கதையைச் சொன்னான். பெண் வீட்டார் தேடிக்கொண்டு மைதானத்துக்கே வந்து, அவன் கோல் போட்டதும் கைதட்டினார்களாம். ஜவுளிக்கடை பாய் ஒருவர், நோன்பு மாதத்தில் ஆட்டம் முடியும் நேரத்துக்குக் கஞ்சித் தூக்கோடு வந்து இரண்டு அணிக்கும் ஊற்றியதைச் சொன்னார். மழையில் பந்து கோல் கோட்டின் மேலேயே சேற்றில் புதைந்து நின்றதையும், இருபத்திரண்டு பேரும் அதைச் சுற்றி நின்று வழக்காடியதையும் நாலு பேர் நாலு விதமாகச் சொன்னார்கள். அன்று சரவெடி நமத்துப்போக, ரசிகர்கள் எல்லாம் வாயாலேயே டமார் டமார் என்று கத்தியிருக்கிறார்கள். அநேகமாக எல்லாக் கதையும் வெடியில்தான் போய் முடிந்தது.

மதினிக்கு எழுத வராது. அவர் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன்.

"வயித்துல ஏழு மாசம் தம்பி. நம்ம ஆளு அந்தப் பக்கம் கோல் போட்டுட்டான். இங்கன எனக்குப் பத்தடி தள்ளித்தான் சரத்தக் கொளுத்துனாக. அவுக கம்பத்த விட்டுட்டு ஓடியாந்து, கிளவுசோட எங் காதப் பொத்திக்கிட்டாக. வெடிச்சு முடியிற மட்டும் கைய எடுக்கல. அதுக்குள்ள ஆட்டம் ஆரம்பிச்சிருச்சு. அங்கனருந்து ஒருத்தன் அடிச்ச பந்து ஆளில்லாத கோலுக்குள்ள உருண்டு வந்துருச்சு. எல்லாரும் ஏசுறாக. அவுக சிரிச்சுக்கிட்டே நிக்காக. அந்தக் கோலுக்கும் ஒத்த வெடி போட்டாகள்ல, அதுக்கும் பொத்திக்கிட்டாக."

நான் அழுதேன். மறைக்க ஒன்றுமில்லை. ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் அதை முதல் பக்கத்தில் வைத்தேன்.

தொகுத்து, அச்சடித்து, டைரி மாதிரி அட்டை போட்டுக் கட்டினேன். மூன்று முறை படித்துப் பிழை திருத்தினேன். நடுவர் தீப்பெட்டி, மணல் வாளி எல்லாம் விட்டுப்போகாமல் முன்னுரையில் நானே சேர்த்தேன், எங்கள் ஒழுங்கு தெரிய வேண்டுமே என்று. மூன்று முறையும் என் கண்ணில் அது படவில்லை. சிவகாசிக்காரனுக்கு வெடி என்பது ஒரு சங்கதியே அல்ல. பொழுது விடிந்ததும் வெயில் வருகிற மாதிரி, கோல் விழுந்ததும் வெடி. அதில் பார்க்க என்ன இருக்கிறது?

திங்கட்கிழமை முப்பது பேருக்கு மேல் சூலக்கரையில் இருக்கிற கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். மதினி வேலைக்கு லீவு கேட்டும் கிடைக்கவில்லை. எங்களைக் கூப்பிட்ட அதிகாரி நல்ல மனுஷர். நிற்கிறவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, எங்கள் கண் முன்னாலேயே முதல் பக்கத்தைப் படித்தார். பாதியில் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"கிரவுண்டுல என்ன வெடிச்சீங்க?" என்றார்.

"எல்லாம் நம்ம ஆலைச் சரக்குதான் சார், சுத்தமான சரக்கு" என்றான் எங்கள் முன்வரிசை ஆட்டக்காரன், விருது வாங்குகிறவன் போல.

"பட்டாசு ஆலை எவ்வளவு தூரம்?"

"தூரமா? கார்னர் கொடிக்கு அந்தப் பக்கம் சுவருதான் சார்." அதையும் சிரித்துக்கொண்டே சொன்னான்.

அவர் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. கர்ப்பிணி, கைக்குழந்தை, ஆலைச் சுவர், சரவெடி. மதினி சொன்ன வரிகளுக்குக் கீழேதான் முதல் கோடு விழுந்தது. பக்கம் பக்கமாகக் கோடு போட்டுக்கொண்டே போனார். நாற்பது பேர் கையெழுத்துப் போட்ட வாக்குமூலத்தைத் தைத்து, அட்டை போட்டு, அவர் கையில் கொடுத்திருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பயந்துவிட்டார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் பயப்படத்தான் வேண்டும்.

அடுத்த மாதமே பார்வையிட வந்தார்கள். ஆலைக்குப் பக்கத்தில் ஆள் கூடவே கூடாத இடம் என்று முள்கம்பி வேலி வந்தது, பலகை வந்தது. குடோனும் வரவில்லை. அந்த ஆளுக்கும் கிடைக்கவில்லையே என்று எங்கள் பயல்கள் ஆறுதல் பட்டுக்கொண்டார்கள். எனக்கு அந்த ஆறுதல் ஒட்டவில்லை. அதன் பிறகு ஐந்து மனு போட்டுப் பார்த்தேன். ஒரு மனுவில், நாங்கள் அங்கே வெடித்ததே இல்லை, சும்மா அலங்காரத்துக்கு எழுதினோம் என்றே எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன். மதினியிடம் மட்டும் அந்தத் தாளை நீட்ட எனக்குக் கை வரவில்லை. அதுவும் பலிக்கவில்லை, முதலில் கொடுத்ததும் நீங்கள்தானே என்று திருப்பிவிட்டார்கள்.

இப்போது அணி விருதுநகர்ப் பக்கம் ஒரு கல்லூரித் திடலில் ஆடுகிறது. நல்ல சமதரை, நல்ல புல். கோல் விழுந்தால் பத்துப் பேர் கைதட்டுகிறார்கள். மதினி ஒரு முறை சாக்கோடு வந்தார். கோல் கம்பத்துக்குப் பின்னால் ஆள் உட்காரக் கூடாது, படிக்கட்டுக்குப் போங்கள் என்று காவலாளி சொன்னான். சாக்கைச் சுருட்டிக்கொண்டு போனார். அதோடு வரவில்லை. பழைய மைதானம் வேலைக்குப் போகும் வேனிலிருந்தே தெரியும். முள்மரம் நடு வட்டம் வரைக்கும் வந்துவிட்டது. நான் ஜன்னலின் மறுபக்கம் உட்கார இடம் பிடித்துக்கொள்கிறேன்.

போன மாதம் மதினி அச்சகத்துக்கு வந்தார். கிரவுண்டு எப்படிப் போயிற்று என்று அவரிடம் யாரும் விளக்கமாகச் சொன்னதில்லை. சொல்ல எங்களுக்குத் தைரியம் இல்லை.

"தம்பி, அன்னைக்கி நான் சொன்னத ஆபீசர் படிச்சாகளா?"

இல்லை என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். "படிச்சாரு மதினி. முதல்ல ஒங்களதுதான் படிச்சாரு. சிவப்பு மையில கோடு போட்டாரு."

"எங்கன?"

"அண்ணன் காதப் பொத்துனதச் சொன்னீகள்ல, அங்கன."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் போன பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. "அம்புட்டுப் பேரு சொன்னதுல அவுகளுக்கா கோடு போட்டாக?" என்று இரண்டு முறை கேட்டார். மகள் இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிறாளாம். அந்தப் பக்கத்தை, கோட்டோடு, அவளுக்கு ஒன்று எடுத்துத் தரச் சொன்னார்.

கோடு போட்ட பக்கம் அவர்கள் ஃபைலில் இருக்கிறது. உள்ளே போய்க் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு பிரதி எடுத்தேன். பிழை திருத்துகிற சிவப்புப் பேனாவை எடுத்து, அடிக்கோலை வைத்து, அதே வரிகளுக்குக் கீழே நானே கோடு போட்டேன். முதல் தாளில் கோடு கோணிவிட்டது. இரண்டாவதில் சரியாக வந்தது.

மதினி வாங்கி, எழுத்தைப் படிக்கத் தெரியாததால் கோட்டின் மேல் மட்டும் விரலை வைத்து இழுத்துப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இம்புட்டு ரசிச்சுக் கோடு போட்டவரு, கிரவுண்டக் குடுக்காம ஏன் தம்பி வேலி போட்டாரு?"

தெரியலை மதினி என்றேன்.