பருத்திப் பக்கம் விழும் பந்து

எறியச் சொல்லிக் கொடுப்பது எளிது. சொன்ன இடத்தில் எறிய வைப்பதில்தான் எங்கள் தொழிலில் முடி நரைக்கிறது. கணக்கோ தையலோ சொல்லிக் கொடுத்து அவதிப்பட்டவர்களுக்கு இது புரியும். தொண்ணூறுகளின் கடைசியில் கோவில்பட்டியில் மாற்றுத்திறனாளிகளுக்குப் பந்து எறியும் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வெடிப்பு

சித்திரை வெயிலில் எங்கள் கரிசல் திடல் பாளம் பாளமாக வெடித்துவிடும். கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்யப் பழகட்டும் என்று, சைக்கிள் டயரைத் தரையில் போட்டு அதற்குள் டென்னிஸ் பந்தை எறியச் சொல்வேன். டயருக்குள் விழுந்ததைவிட வெடிப்புக்குள் விழுந்ததே அதிகம். அதற்குள் கம்பியை விட்டுப் பந்தைத் துழாவிக்கொண்டிருந்த சக பயிற்சியாளர் பெருமாள்சாமி நிமிர்ந்து சொன்னார்: "இவிய எறியல சார், விதைக்காவ."

இரண்டு முழம்

நாகலாபுரம் பக்கமிருந்து வந்த சண்முகத்தாய்க்கு இருபத்திரண்டு வயது. போலியோவில் ஒரு கால் சூம்பியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து எறிவாள். கையில் நல்ல வலு. ஆனால் கொடியை நட்டு எறியச் சொன்னால், ஒவ்வொரு பந்தும் கொடிக்கு இடப்பக்கம் விழும். டேப் வைத்து அளந்தேன். எல்லாமே இரண்டு முழம், ஒரு விரற்கடை முன்பின். போட்டியில் கொடிக்கு இருபுறமும் போடும் சுண்ணாம்புக் கோடுகளைத் தாண்டிவிடும் தூரம் அது.

தோளைத் திருப்பினேன். நாற்காலியைத் திருப்பினேன். ஒரு கண்ணை மூடச் சொன்னேன். மூன்று வாரம் போயிற்று. மாவட்டத் தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது அவள் அப்பா வந்து, சிறிது நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏட்டி, இந்தத் தடவ உன் பேரு வரலைன்னா பேசாம ஆட்டோட இரு."

கட்டி

அவர் போன பிறகு, ஆடு மேய்க்கும்போது எப்படி எறிவாய் என்று கேட்டேன். ஓடி மறிக்க முடியாதவள். வரப்பில் உட்கார்ந்து மண்கட்டி எறிந்தே மந்தையைத் திருப்புவாளாம். அவள் மேய்க்கும் தரிசுக்கு இடப்பக்கம் அடுத்தவர் பருத்தி. ஆடு அந்தப் பக்கம் போனால், அதற்கு இரண்டு முழம் முன்னால் கட்டி விழும். மிரண்டு திரும்பிவிடும்.

"கொடி மேலேயே எறிய வராதா?" என்றேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "மேல எறிஞ்சா கால் ஒடிஞ்சிரும்லா சார். நீங்க ஆடு வச்சதில்லையா?"

தேர்வு

நான்கு நாளும் கொடிமேலேயே எறியப் பழக்கினேன். பாதிதான் தேறியது. தேர்வில் மூன்று வாய்ப்பு. அதில் இரண்டு பந்துகள் கோடுகளுக்குள் விழ வேண்டும். முதல் பந்து பழையபடி பருத்திப் பக்கம் போனது. கிட்டே போய்ச் சொல்ல எனக்கு அனுமதியில்லை.

வலப்பக்கக் கோட்டின் மேல் டேப்புடன் ஒரு நடுவர் நின்றிருந்தார். சண்முகத்தாய் கொடியை விட்டுவிட்டு அவரையே பார்த்தாள். அடுத்த பந்து அவருக்கு இடப்பக்கம் இரண்டு முழம் தள்ளி, கோடுகளுக்குள் கொடிக்கு அருகே விழுந்தது. அவர் துள்ளி விலகி, மறுபடி அங்கேயே வந்து நின்றார். மூன்றாவதும் அதே இடம்.

பேரை எழுதிக்கொள்ள வந்த நடுவர், "என்னம்மா, என்னையவா குறி பாத்த?" என்றார்.

"இல்ல அண்ணாச்சி, உங்களத் திருப்பிவிட்டேன்."

அதிலிருந்து பயிற்சிக்கு யார் புதிதாக வந்தாலும், தோளையும் நாற்காலியையும் திருப்புவதற்கு முன்னால், வீட்டில் என்ன வேலை என்று கேட்டுவிடுகிறேன்.