வெளியே என்று ஓர் இடம்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்த சாப்பாட்டுக் கடையில் நான் காசு மேசையில் இருந்தேன். ஓய்ந்திருந்த சண்டை மறுபடி மூண்டிருந்த காலம் அது. கடைக்கு மேலே லொட்ஜ். இரண்டுக்கும் நடுவில் உள்ளுக்குள்ளேயே ஒரு மரப்படி இருந்ததால், மேலே தங்கியிருந்தவர்கள் தெருவில் கால் வைக்காமலே இறங்கி வந்து சாப்பிட்டுவிட்டு ஏறிப் போகலாம். அந்தப் படிக்காகவே அங்கே அறை கேட்டு வந்தவர்கள் உண்டு.

மத்தியானச் சாப்பாடு முடிந்த பிறகு கடைக்கு ஒரு மயக்கம் வரும். கடல் பக்கத்து யன்னலால் வெயில் சரிந்து விழும். சிகரெட் புகை அந்த வெயிலில் மெல்ல ஏறி, மின்விசிறிக்குக் கீழே வந்ததும் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்று, பிறகு கலையும். ஒழுங்கையின் முடிவில் ரயில் போனால் மேசையில் இருக்கும் பிளேன்டீக் கிளாஸ்கள் லேசாக நடுங்கும். யாரும் பேச மாட்டார்கள். லண்டனும் கனடாவும் பாரிசும் அந்தப் புகைக்குள் எங்கேயோ இருப்பதுபோல எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நானும் பார்ப்பேன். பார்க்க அழகுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த அழகெல்லாம் கடைசியில் என் நெஞ்சுக்குள்தான் வந்து குடியிருந்தது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே முட்டு வருத்தம், ஆஸ்துமா. நாலு மணியானால் மூச்சு விசிலடிக்கும். கைப்பைக்குள் இருக்கும் மருந்துப் பம்பை எடுத்து மேசைக்குக் கீழே குனிந்து இழுப்பேன். "தங்கச்சி, யன்னலைத் திறந்து விடுங்கோவன்" என்று வாயில் சிகரெட்டோடு அக்கறையாகப் புத்தி சொல்வார்கள். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம். தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று முணுமுணுத்துக்கொண்டு மிச்சக் காசை எண்ணிக் கொடுப்பேன்.

அப்படி இருக்கும்போதுதான் சட்டம் வந்தது. சாப்பாட்டுக் கடை, மதுச்சாலை என்று கூரையும் சுவரும் உள்ள பொது இடம் எதிலும் புகைக்கக் கூடாது. தண்டம் கட்டப் பயந்த முதலாளி அன்றைக்கே ஒரு மட்டை வெட்டி, தன் கோணல் எழுத்தில் எழுதித் தொங்கவிட்டார்: 'புகைப்பவர்கள் வெளியே போகவும்.'

எங்கள் ஆட்களுக்கு 'வெளி' என்றால் வாசலுக்கு அந்தப் பக்கம் மட்டும் இல்லை. ஒருவர் வெளியில் இருக்கிறார் என்றால் ஐரோப்பாவிலோ கனடாவிலோ இருக்கிறார் என்று அர்த்தம். மேலே லொட்ஜில் இருந்த அத்தனை பேரும் வெளியில் போகத்தான் மாதக்கணக்காகக் காத்துக் கிடந்தார்கள். மட்டையைப் பார்த்ததும் கடை முழுக்கச் சிரிப்பு.

"முதலாளி, உண்மையாவோ? ஏஜென்டுக்கு வீட்டை வித்துக் குடுத்தும் நடக்கேல்லை, நீங்கள் ஒரு சிகரெட்டோட வெளியில அனுப்புறியளோ?"

"இவருக்கு ரெண்டு பெட்டி குடுங்கோ, குடும்பத்தோட போகட்டும்!"

முதலாளிக்குக் கோபம். எனக்கோ சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். அப்படிச் சிரித்தும் முட்டு வரவில்லை, அதுவே எனக்குப் பெரிய புதினம். அந்தக் கிழமை கறிவேப்பிலையின் வாசத்தைக் கூடத் தனியாக உணர்ந்தேன். பிற்பகல்களில் மேசையில் கன்னத்தை வைத்துக்கொண்டு கடலின் சத்தத்தோடு சேர்த்து என் மூச்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். சட்டம் சரியா என்று இன்றைக்கும் என்னைக் கேட்டால், சரி என்றுதான் சொல்வேன். அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் அதை எழுதியவர்களுக்கு வெளி என்பது காற்று இருக்கும் இடம். எங்கள் ஒழுங்கையில் வெளி என்பது பொலிஸ் ஜீப் வரும் இடம்.

லொட்ஜில் இருந்தவர்களில் ஒருவருக்கு இது உயிர்ப் பிரச்சினை. வவுனியாப் பக்கத்து ஆள், முப்பதைத் தாண்டியவர். வடக்கிலிருந்து வந்தவர்கள் கொழும்பில் தங்கப் பொலிசில் பதிய வேண்டும். அவருடைய பதிவு காலாவதியாகிவிட்டது, புதுப்பிக்கப் போகவும் பயம். தெருவில் மறித்துக் கேட்டால் காட்ட அவரிடம் ஒன்றும் இல்லை. அதனால் மரப்படியை விட்டால் அவருக்கு வேறு பாதை கிடையாது. மனைவி கனடாவில். வயிற்றில் பிள்ளையோடு போனவ. அந்த மகளை அவர் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை, குரல் மட்டும் தெரியும். கைத்தொலைபேசியில் உள்ள ஒவ்வொரு இலக்கத்துக்கும் சோதனைச் சாவடியில் விளக்கம் சொல்ல வேண்டிய காலமாதலால் அவர் அதையும் வைத்திருக்கவில்லை. மனைவி கடைத் தொலைபேசிக்குத்தான் எடுப்பா.

நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் குடிப்பவர் அவர், அதுவும் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு. லொட்ஜ் அறையில் நெருப்புப் பெட்டி தட்டக் கூடாது என்பது மேலே உள்ள சட்டம். இப்போது கீழேயும் சட்டம். மற்றவர்கள் வாசலுக்குப் போய் அவசரமாக நாலு இழுவை இழுத்துவிட்டு ஓடி வருவார்கள். இவர் பற்றவைக்காத சிகரெட்டை விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டு மூலை மேசையில் இருப்பார். சிலவேளை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடுவார். பிறகு அதையே பெட்டிக்குள் வைத்துவிட்டுப் படியேறுவார். புகை இல்லாத வெயிலில் அவர் முகம் முதல் தடவையாக எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் துக்கமாக இருந்தது.

"அண்ணா, நான் கொஞ்ச நேரம் குசினிப் பக்கம் போறன். நீங்கள் குடியுங்கோ" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"வேண்டாம் தங்கச்சி. உங்களுக்கு முட்டு. முதலாளிக்கும் தண்டம்" என்றார்.

அன்று மழை பெய்து விட்டிருந்தது. ஒழுங்கை ஈரமாகப் பளபளத்தது. ஒரு சனம் இல்லை, கடல் மட்டும் எங்கேயோ தூங்கிக்கொண்டு மூச்சு விட்டது. அவர் எழும்பி வாசல்வரை வந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். முகத்தில் ஒரு சின்னப் பிள்ளையின் ஆசை.

"மழை விட்டிட்டுது, தங்கச்சி. ரெண்டே ரெண்டு இழுவை. வாறன்."

அவர் இறங்கிப் போனதை நான் சந்தோஷமாகத்தான் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடித்தது. கனடாவிலிருந்து மனைவி. அங்கே விடியாத நேரம், வேலைக்குப் போகுமுன் எடுத்திருக்கிறா.

"தங்கச்சி, இவரை ஒருக்காக் கூப்பிடுறீங்களோ?"

"அக்கா, அவர் வெளியில போயிட்டார்" என்றேன்.

அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது.

"எப்ப?"

"இப்பதான் அக்கா."

"கடவுளே! எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே! ஏஜென்ட் சொல்ல விட்டிருக்க மாட்டான்." அழுகையும் சிரிப்புமாக, தள்ளி யாரையோ கூப்பிட்டா. "எழும்பு பிள்ளை, எழும்பு! அப்பா வெளிக்கிட்டிட்டார்!"

எனக்கு அப்போதுதான் தலையில் அடித்ததுபோல விளங்கியது.

"அக்கா, அப்பிடியில்லை, கொஞ்சம் நில்லுங்கோ, அவரைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்று கத்திவிட்டு, ரிசீவரை மேசையில் போட்டுவிட்டு ஓடினேன். வாசலில் அவர் இல்லை. கடல் பக்கமும் இல்லை. காலி வீதி முனையில் தெம்பிலி இளநீர் விற்கும் சிங்கள அக்கா கையில் கத்தியோடு அப்படியே நின்றா.

"தென் எக்கங் கியா, நங்கி. ஜீப் எக்கே."

இப்போதுதான் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்றா. என் கண்ணைப் பார்க்காமல் சொன்னா.

சில நாள் உள்ளே வைத்திருந்துவிட்டு அவரை விட்டார்கள். பிறகு ஒரு வழியாகக் கனடாவுக்கும் போய்ச் சேர்ந்தார். ஆனால் அந்த நிமிடத்தில் இது எனக்கும் தெரியாது, தொலைபேசியில் இருந்தவவுக்கும் தெரியாது. வருஷக்கணக்கான புகைகூடக் கொண்டுவராத அளவு முட்டு வருத்தத்தை அந்த ஓட்டம் கொண்டுவந்திருந்தது. திரும்பி வந்து ரிசீவரைக் கையில் எடுத்தும் பேச மூச்சு வரவில்லை. அந்தப் பக்கத்தில் பிள்ளையின் நித்திரைக் குரல் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா, அவர் நாட்டை விட்டுப் போகேல்லை" என்றேன். "சிகரெட் குடிக்க ரோட்டுக்குப் போனவர். பொலிஸ் ஏத்திக்கொண்டு போயிட்டுது."

அவ மிகவும் மெதுவாகக் கேட்டா:

"சிகரெட்டோ? பிள்ளை பிறந்த அண்டைக்கே விட்டிட்டன் எண்டெல்லோ எனக்குச் சொன்னவர்."