பார்த்ததற்கே திறந்துகொண்ட காடு

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட வேண்டாம். மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு நான் எழுதிக்கொடுத்த செயலியில் யார் வேண்டுமானாலும் எதையும் மாற்றலாம். அதை வசதி என்று வேறு சொல்லி விற்றேன். தேயிலைத் தோட்டத்தில் கால் வைத்த அன்றே குடிக்கக் கொடுத்தது கறுப்புக் கோப்பி. இங்கே எதையும் ஊகிக்கக் கூடாது என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும். தென்காசிக்காரனுக்குக் கொஞ்சம் நேரமாகும்.

தோட்டத்தின் ஒவ்வொரு பகுதியையும் இங்கே காடு என்பார்கள். செயலியின் வேலை, எந்தக் காட்டில் பூச்சிமருந்து அடித்திருக்கிறது, எதில் கொழுந்து பறிக்கலாம் என்று காட்டுவது. ஆபீஸில் ஒரு திரை, மருந்தடிப்பவர்கள் கையில் ஒன்று, பறிக்கும் குழுத் தலைவர்கள் கையில் ஒன்று. நான் இருவழி இணைப்பைத் தேர்ந்தெடுத்தேன்: எந்தத் திரையில் மாற்றினாலும் தகவல் மாறும், தகவல் மாறினால் எல்லாத் திரையும் மாறும். எழுத வேண்டிய வரிகளும் குறைவு. சோம்பேறிக்கு வேறென்ன காரணம் வேண்டும்?

ஒரு காலை, பன்னிரண்டாம் காடு 'திறப்பு', அதாவது பறிக்கலாம், என்று காட்டியது. முந்தின மாலைதான் அங்கே மருந்தடித்திருந்தார்கள். ஆட்கள் லோரியில் ஏறிப் புறப்பட்டும் விட்டார்கள். ஆபீஸ் கணக்குப் பார்க்கும் கிராணி சரசக்கா மோட்டார் பைக்கில் துரத்திப் போய் நிறுத்தினார். அடுத்த நிறுத்தம் என் லயத்து வீடு.

"தம்பி, மருந்தடிச்ச காட்ட யாரு தொறந்தது?"

"தெரியலக்கா."

"ஒங்க செயலி சொல்லாதா?"

"அது சொல்லாதுக்கா."

"நல்லா செஞ்சிருக்கீங்க லா."

குழுத் தலைவர் ரஹீமைக் கேட்டோம். அவர் வங்கதேசத்துக்காரர். அவருடைய மலாயும் என்னுடைய மலாயும் ஒரே தரம் என்பதால் பேச்சு நீளவில்லை. "சாயா தெங்கொக் சாஜா" என்றார். பார்க்க மட்டும்தான் செய்தாராம். பொய் என்று நினைத்து, எப்படிப் பார்த்தீர்கள், காட்டுங்கள் என்றேன். ஈர விரலால் பட்டியலை மேலே தள்ளினார். காடு திறந்துகொண்டது. பார்க்கும் பெட்டியையும் மாற்றும் பெட்டியையும் ஒன்றாக வைத்த புண்ணியவான் நான்.

"திங்கக்கெழம பெரட்டுக்குள்ள சரியாகலன்னா சாக்கட்டியால எழுதுற பழைய பலகையே போதும்" என்றார் தோட்ட மேனேஜரான துரை. பலகை போதுமென்றால் நான் தேவையில்லை. நான் தேவையில்லையென்றால் என் வேலை பெர்மிட்டும் தேவையில்லை.

பெரட்டு என்பது விடியலில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடம். யார் எங்கே என்று சரசக்கா மட்டும் சொல்வார். இடம் மாற்றிக்கொள்ள நினைப்பவர் பக்கத்து ஆளிடம் பேசிவிட்டு நழுவ முடியாது. அக்காவிடம் போய்க் கேட்க வேண்டும். அவர் ஒத்துக்கொண்டால் எல்லாருக்கும் கேட்க மறுபடி சொல்வார். கோப்பிக்காக அங்கே போய்க் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றவன்தான் நான். இப்போது அதையே எழுதினேன். தகவல் ஒரே இடத்தில். திரைகள் காட்டும், கேட்கும், மாற்றாது. கோரிக்கை மேலே போகும், யார் கேட்டதென்று பதிவாகும், சரசக்கா சரியென்றால் மாறிய தகவல் எல்லாத் திரைக்கும் இறங்கும். ஒரு பொத்தானுக்கே பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருந்தது. பட்டியல் விரிந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதை மட்டும் அந்தந்தத் திரையிடம் விட்டேன். அதற்கெல்லாம் சரசக்காவைக் கேட்டால் அடிப்பார்.

திங்கட்கிழமை ரஹீம் எல்லா இடத்திலும் குத்திப் பார்த்தார். எதுவும் திறக்கவில்லை. "ஓகே லா" என்றார் துரை. பெர்மிட் பிழைத்தது.

அன்று அம்மா ஊரிலிருந்து கூப்பிட்டு, "தீபாவளிக்கு வர்றியா இல்லியா, முறுக்குக்கு மாவரைக்கணும்" என்றாள். வருகிறேன் என்றேன். துரையிடம் போன வாரம்தான் தீபாவளிக்கு இங்கேயே இருக்கிறேன் என்றிருந்தேன். கடைசியாகப் பேசியவர் எவரோ அவருக்கேற்ப நான் மாறிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதையும் ஒரே இடத்தில் முடித்துவிடலாம் என்று, சோதனைக்காகச் செயலியில் போட்டிருந்த என் பெயரிலிருந்து ஒரு கோரிக்கை அனுப்பினேன்: 'தீபாவளிக்கு வீட்டுக்குப் போகணும், லீவு வேணும்.'

கொஞ்ச நேரத்தில் சரசக்காவின் பதில் இறங்கி வந்தது.

"எந்த வீட்டுக்கு?"